போடுவதும் மண், எடுப்பதும் மண்

உங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டவர்கள் ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "நல்ல அனுபவமாச் சொல்லுங்க சார், புதுசா சேர்ந்தவங்களுக்கு உற்சாகமா இருக்கணும்" என்றார்கள். அதனால் பேச வரவில்லை, எழுதி அனுப்புகிறேன். உற்சாகம் வேண்டுமென்றால் இடைவேளையில் சூடாக ஒரு டீ குடித்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது வேறு சரக்கு.

நான் கடைசியாக வேலை பார்த்தது ஒரகடம் பக்கத்தில் ஒரு சாயத் தொழிற்சாலையில். கம்பளிப் போர்வைக்கும் கார் சீட்டுத் துணிக்கும் வேண்டிய நூலுக்கு அங்கே சாயம் ஏற்றுவார்கள். ஏற்றி முடித்ததும் மிச்சமாகும் கலர் தண்ணீர் என் தொட்டிக்கு வரும். அதைச் சுத்தம் செய்யும் ஈ.டி.பி. நிலையத்துக்கு நான் பொறுப்பு. கார் கம்பெனிகள் கண்ணாடியும் புல்தரையுமாக வரிசை கட்டி நிற்கும் சாலையில் எங்கள் ஆலை மட்டும் பின்பக்கமாக ஒதுங்கியிருக்கும். அந்த ஆலையிலும் பின்பக்கம் எங்கே என்று தேடினால் அங்கே நான் இருப்பேன்.

சாயத்தைப் பிரிக்க நாங்கள் பயன்படுத்தியது களிமண். பெண்டோனைட் என்று மூட்டையில் வரும், சாம்பல் நிற மாவு. கலர் தண்ணீரில் அதைப் போட்டுக் கலக்கினால் சாயத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்காரும். மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். அடியில் உட்கார்ந்ததை ஒரு பிரஸ்ஸில் விட்டுப் பிழிந்து, பாளம் பாளமாகத் தள்ளுவோம். ஆலையைச் சுற்றிப் பார்க்க வரும் பெரிய மனிதர்களுக்கு ஒரு கண்ணாடி ஜாடியில் இதைச் செய்து காட்டுவது வழக்கம். மெரூன் தண்ணீர் கண்ணெதிரே வெளுக்கும். கை தட்டுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஜாடிக்கு அடியில் உட்கார்ந்திருப்பது எங்கே போகிறது என்று ஒருத்தரும் ஒருநாளும் கேட்டதில்லை.

மண் சாயத்தை அழிப்பதில்லை. பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தண்ணீரில் இருந்த தொல்லை மண்ணுக்கு இடம் மாறியிருக்கிறது. உங்களுக்கும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். எங்கள் ஆலையிலும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். மூட்டையில் வருவதை மண்ணு என்பார்கள். தொட்டியில் போடுவதும் மண்ணு. பிரஸ்ஸிலிருந்து விழுகிற சாயப் பாளமும் மண்ணு. "சார், மண்ணு தீந்துபோச்சு" என்று ஒருவன் வந்து நிற்பான். பின்னாலேயே இன்னொருவன் வந்து "மண்ணு ரொம்பிடுச்சு சார், வைக்க எடமில்ல" என்பான். இரண்டும் வேறு வேறு மண் என்பது எங்களுக்குப் புரியும். வேலி தாண்டிப் போனால் யாருக்குப் புரியும்?

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாயிரத்துப் பதினைந்தின் தொடக்கத்தில் மெரூன் போர்வைக்கு ஒரு பெரிய ஆர்டர் ஓடியது. மாதக்கணக்கில் அதே கலர். பிரஸ்ஸில் விழுந்த பாளமெல்லாம் மெரூன். அது வெயிலில் காய்ந்து உதிர்ந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல செம்மண் போலவே இருக்கும். அந்த வட்டாரத்தில் செம்மண்ணுக்கு இருந்த கிராக்கி உங்களுக்குத் தெரியுமே. எல்லாம் நெல் விளைந்த தாழ்வான நிலம். வல்லம் வடகால் ஆனாலும் பென்னலூர் ஆனாலும், மனை வாங்கியவன் முதலில் மண் அடித்து மேடாக்க வேண்டும். ஏரி மண், கிராவல், இடித்த கட்டடத்தின் செங்கல் துண்டு, எதுவானாலும் ஒரு லோடு கிடைக்காதா என்று ஜனங்கள் சாலையோரம் காத்துக் கிடந்த காலம் அது.

எங்கள் ஆலையில் ஹவுஸ்கீப்பிங்கில் எஸ்தர் என்று ஒருவர் இருந்தார். காண்ட்ராக்ட் ஆள். லேபையும் ஆபீசையும் பெருக்கித் துடைப்பார். பக்கத்து ஊர்க்காரர்தான். கணவர் தேவராஜ் ஷேர் ஆட்டோ ஓட்டினார். வாடகை வீட்டில் பல வருஷம் இருந்துவிட்டுச் சொந்தமாக ஒரு மனை வாங்கிக் கடைக்கால் போட்டிருந்தார்கள். பேஸ்மட்டத்துக்குள் நிரப்ப மண் வேண்டும். எஸ்தர் ஆலைக்கே பொறுப்பான பிளாண்ட் ஹெட்டிடம் போய், "சார், கம்பெனி வண்டி எங்கனா மண்ணு அடிச்சா, எங்களுக்கும் ரெண்டு லோடு சொல்லி வுடுங்க சார்" என்று கேட்டிருக்கிறார்.

அந்தச் சமயம் பாளங்களை அடுக்கி வைக்கும் எங்கள் ஷெட் கூரை வரைக்கும் நிறைந்து கிடந்தது. ஆபத்தான கழிவை ஏற்றிப் போக வேண்டிய லாரி வரவில்லை. வரவில்லை என்ன, பிளாண்ட் ஹெட் செலவுக்குப் பார்த்து வரச் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆய்வுக்கு ஆள் வருவதாக இருந்தது. நானோ கண் ஆபரேஷனுக்காக லீவில் இருந்தேன். "மண்ணுதானேம்மா, நம்மகிட்டயே இருக்கே. இதுக்குப் போய் வெளிய கேப்பாங்களா?" என்று சொல்லி, கம்பெனி வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார் அந்தப் புண்ணியவான். கேட்டில் செக்யூரிட்டி "இன்னா லோடு?" என்று கேட்டிருக்கிறார். டிரைவர் "மண்ணு" என்றிருக்கிறார். கேட் திறந்தது. தொழிலாளர் நலனுக்காக ஆலை செய்த உதவி என்று நோட்டீஸ் போர்டில் எஸ்தர் கும்பிடும் போட்டோ கூட ஒட்டியிருந்தார்கள்.

லீவு முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்கு வந்தேன். ஷெட் துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. எங்கள் ஆபரேட்டர் சுடலைமுத்து, திருநெல்வேலிப் பக்கத்து ஆள், சந்தோஷமாகச் சொன்னார். "மண்ணு பூராவும் எஸ்தர் அக்கா வீட்டுக்கு அடிச்சாச்சுல்லா சார். அக்காவுக்கும் நல்லது, நமக்கும் இடம் ஆச்சு."

சாயம் மட்டும் பிரச்சினை இல்லை. அந்தக் களிமண்ணுக்குத் தண்ணீர் பட்டால் ஊதும் குணம் உண்டு. காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் பெருக்கும். அதைத் தரைக்கு அடியில் வைத்து மேலே வீடு கட்டினால், ஒரு நல்ல மழை போதும்.

பிளாண்ட் ஹெட்டிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னவர், எப்போதும் மரியாதையாகப் பேசுவார். மரியாதையாகவே கழுத்தை அறுக்கும் ஆட்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். "அதைத் தோண்டி எடுத்துத் திரும்பக் கொண்டுவரணும் சார், மழைக்கு முன்னாடி" என்றேன்.

"நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க சார். அவங்க மண்ணு கேட்டாங்க, மண்ணு குடுத்தோம்."

"அது மண்ணு இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நீங்களே தெனம் அப்படித்தான சார் சொல்றீங்க?" என்று சிரித்தார். ஆலை முழுக்க அப்படித்தான் சொன்னோம்.

அன்று சாயங்காலமே எஸ்தரின் மனைக்குப் போனேன். பேஸ்மட்டம் விளிம்பு வரை செக்கச் செவேலென்று நிரம்பியிருந்தது. தேவராஜ் அதன் மேல் ஏறி நின்று மட்டம் தட்டிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் எஸ்தருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க தெனம் தொட்டுக்கினு கீறீங்களே சார், உங்களுக்கு இன்னா ஆயிடுச்சு? ஏழைக்கு ஒண்ணு கெடைச்சா ஒடனே அதுல ஒரு நொட்ட சொல்லணுமா?"

நான் வாதாடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். காய்ந்த கட்டி ஒன்றை எடுத்து, அரை டம்ளர் தண்ணீரில் போட்டு, செங்கல் அடுக்கின் மேல் வைத்தேன். தேவராஜ் டீ வாங்கி வந்தார். டீயைக் குடித்துக்கொண்டே மூன்று பேரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாயம் பிடித்த மண் புது மண் அளவுக்கு ஊதாது. இருந்தாலும் கட்டி மெதுவாக உடைந்து, கூழாகி, தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு மேலே மேலே வந்தது. டம்ளரைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. மெரூன் கூழ் டம்ளரோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

தேவராஜ் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "இதும் மேல தரை போட்டா தூக்கிடும் எஸ்தர்" என்றார். "நாளைக்கே எடுத்துடலாம்."

எடுத்திருந்தால் இந்தக் கதையை நான் உங்களுக்கு எழுத வேண்டியிருக்காது. மறுநாள் தேவராஜ் ஆள் வைத்து மண்ணை அள்ளத் தொடங்கியதும் ஆலைக்குச் செய்தி வந்துவிட்டது. காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் எஸ்தரைக் கூப்பிட்டார். கம்பெனி ஆசையாகக் கொடுத்ததைத் தெருவில் அள்ளிக் கொட்டினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான், ஆய்வுக்கு ஆள் வரும் சமயம், கம்பெனி மேல் அவ்வளவு சந்தேகம் இருந்தால் கம்பெனி வேலை மட்டும் எதற்கு என்று கேட்டிருக்கிறார். சத்தமே போடாமல் கேட்டாராம்.

லேபுக்கு வெளியே, கையில் மாப்போடு, எஸ்தர் என்னை நிறுத்தினார். "சார், மண்ண எடுக்கல. வேல இருந்தாத்தான் வூட்டு லோன் கட்ட முடியும். அந்த மண்ணு அங்கயே இருந்தாத்தான் வேல இருக்கும்றாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

நான் என்ன சொல்ல? "வேலையை விட்டுடு" என்று சொல்ல நான் யார்? நான் மாதச் சம்பளக்காரன், பி.எஃப். பிடிக்கிற ஆள். மேலிடத்தில் போய்ப் பேசினேன். தலைமை அலுவலகம் வரைக்கும் போனேன். அங்கே ஒருவர் பொறுமையாக முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ரிடயர்மென்ட் எப்போ சார்?" என்றார். அந்த மண்ணுக்கு மேல் ஜல்லி போட்டார்கள், கான்கிரீட் போட்டார்கள், பளபளவென்று வெள்ளை டைல்ஸ் ஒட்டினார்கள்.

ஆடி மாசத்தில் வீட்டுப் பிரதிஷ்டை வைத்தார்கள். பாஸ்டர் ஒவ்வொரு அறையாகப் போய் ஜெபம் செய்தார். ரிப்பன் வெட்டியது யார் தெரியுமா? எங்கள் பிளாண்ட் ஹெட். மண் கொடுத்த மகராசன் அல்லவா? எல்லோருக்கும் பிரியாணி. நானும் சாப்பிட்டேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்த டைல்ஸில் நடந்தபோது என் உள்ளங்கால் கூசியது. எஸ்தர் என் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, "மழ கம்மியா பெய்யணும்னு வேண்டிக்கினு கீறேன் சார்" என்றார். விவசாயக் குடும்பத்துப் பெண் அவர். அந்த வேண்டுதலைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அந்த வருஷம் பெய்த மழையை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டாம். குன்றத்தூரிலிருந்து வேலைக்கு வருகிற ஆட்கள் நாட்கணக்கில் வர முடியவில்லை. ஆலை ஹாஸ்டலில் இருந்த பையன்கள் மொட்டை மாடியில் நின்றார்கள். தண்ணீர் வடிந்த பிறகு ஆலை ஒரு மினி லாரியில் நிவாரணம் ஏற்றியது. அரிசி, பிரெட், மெழுகுவத்தி, வீட்டுக்கு ஒரு போர்வை. போர்வை எங்கள் ஆலை நூலில் நெய்ததுதான், அந்தப் பெரிய ஆர்டரில் மிஞ்சியது. மெரூன் கலர். பிளாண்ட் ஹெட் முன்னால் ஏறிக்கொண்டார், நானும் சுடலைமுத்துவும் பின்னால் மூட்டைகளோடு.

எஸ்தரின் தெருவில் எல்லா வீட்டுச் சுவரிலும் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. எஸ்தரின் வீட்டில் மட்டும் வெள்ளம் ஏறவில்லை. மேடாக்கிக் கட்டியிருந்தார்களே, கீழ்ப்படியோடு நின்றுவிட்டது. ஆனால் தண்ணீர் அடியில் ஊறியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். கூடத்தின் நடுவில் டைல்ஸ் பொங்கி எழுந்து நின்றது. வாசல் கதவு பாதியில் இடித்து நின்றது, சாத்த முடியவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சுவர் கோணலாகப் பிளந்திருந்தது. டைல்ஸ் இடுக்குகளில் மெரூன் கூழ் கசிந்து, துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது. தேவராஜ் கோணிச் சாக்கை வைத்துத் துடைத்துப் பிழிந்துகொண்டே இருந்தார். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிளாண்ட் ஹெட் வாசலில் நின்று போர்வையை நீட்டினார். போட்டோ எடுத்தார்கள். எஸ்தர் போர்வையை வாங்கி, பிரித்து, தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். அதன் ஓரத்தை டைல்ஸ் இடுக்கில் கசிந்த கூழுக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் லேபில் புது நூலைச் சாம்பிளோடு சேர்த்து வைத்து, ஷேட் மேட்ச் ஆகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்போம். அந்த அறையைத் தினமும் பெருக்கியவர் அவர். அதே மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"சார், மேட்ச் ஆவுதா?" என்று கேட்டார்.

பிளாண்ட் ஹெட், "வெள்ளத்துல எங்கெங்க இருந்தோ அடிச்சுக்கிட்டு வந்திருக்கும்மா. எல்லா வீட்லயும்தான் சேறு" என்றார்.

"எங்க வூட்டுச் சேறு கறுப்பாதான் கீது" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"இது வெள்ளத்துல வந்தது இல்ல" என்றேன் நான். "நம்ம பிரஸ்ல இருந்து வந்தது. நம்ம வண்டியில வந்தது."

பிளாண்ட் ஹெட் என் தோளில் கை வைத்தார். கூடியிருந்தவர்களைப் பார்த்து, "சார் பாவம், ரெண்டு நாளா அலைச்சல். ரொம்ப டயர்டா இருக்கார்" என்றார். என்னைக் கொண்டுபோய் லாரியில் உட்கார வைக்கச் சொன்னார். என் வேலை அந்த மாதத்தோடு முடிந்தது. அதற்கு நான் வருத்தப்படவில்லை. அந்தக் கை என் தோளில் இருந்ததற்குத்தான் இன்னும் உடம்பு எரிகிறது.

நானும் எஸ்தரும் தேவராஜும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். பார்க்க வந்த அதிகாரி நல்ல மனிதர், உண்மையாகவே வருத்தப்பட்டார். இவ்வளவு பெரிய வெள்ளத்துக்கு அப்புறம் எது எங்கிருந்து வந்தது என்று எப்படி நிரூபிப்பது என்று என்னையே கேட்டார். வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட வீடு என்று பதிவு செய்துகொண்டு போய்விட்டார். ஊரெல்லாம் மூழ்கிய மழை எங்கள் ஆலையை மட்டும் கழுவிச் சுத்தமாக்கிவிட்டது.

பொங்கல் கழிந்து, தரையை உடைத்து மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். நானும் போய் நின்றேன். லாரியில் ஏற்றியாகிவிட்டது. எங்கே கொண்டுபோவது? ஆலை ஷெட்டிலேயே போட்டுவிடலாம் என்று முந்தின நாளே கேட்டுப் பார்த்திருந்தோம். வெளி மண்ணை உள்ளே அனுமதிப்பதில்லை என்று கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள். வெளி மண்ணாம்! டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, "எங்க கொட்றது, சீக்கிரம் சொல்லு" என்று அவசரப்படுத்தினார்.

அப்போது தெரு முனையில் பைக்கில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தினார். "இன்னா லோடு?"

"மண்ணு" என்றார் டிரைவர்.

"நல்ல செம்மண்ணா கீதே. நம்ம மனையில கொட்டுறியா? இங்க பக்கத்துலதான்."

"அது மண்ணு இல்லப்பா!" என்று கத்தினேன். அந்த ஆள் லாரியின் ஓரத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "மண்ணு இல்லாம பொன்னா பெரியவரே?"

பென்ஷனுக்குப் போகும் வயதில், அந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன், நடுத்தெருவில் சட்டென்று ஒரு பெயர் சொல்ல வராமல் நின்றேன். ஸ்லட்ஜ் என்றேன். கழிவு என்றேன். கெமிக்கல் என்றேன். அந்த ஆளுக்கு எதுவும் ஏறவில்லை. டிரைவர் கியர் போட்டார்.

எஸ்தர் லாரிக்கு முன்னால் போய் நின்றார். "வாணாம். எவன் வூட்டுக்கும் வாணாம். எங்க வாசல்லயே கொட்டு."

தேவராஜ் வாசலில் இருந்த செங்கல்லை ஒதுக்கி இடம் செய்தார். தோண்டி எடுத்த அவ்வளவும் திரும்ப அங்கேயே கொட்டப்பட்டது. மழை படாமல் தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் கல் வைத்து அடக்கினார்கள். ஒரு கழிவு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், உங்களுக்கும் கொடுக்கப்போகிறார்கள். சம்பளமில்லாமல் அந்த வேலையை எஸ்தர் இன்றுவரை பார்க்கிறார். தார்ப்பாய் கிழிந்தால் வேறு வாங்கி மாற்றுகிறார்.

நாளை உங்கள் பிரஸ்ஸில் பாளம் விழும்போது அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வாய்க்கு வரவில்லையென்றால் ஒருநாள் லீவு போட்டுவிட்டு அந்தத் தெருவுக்குப் போங்கள். வாசலில் மூடி வைத்திருக்கிறீர்களே, அது என்ன என்று எஸ்தரைக் கேளுங்கள். அவர் எது சொன்னாலும் சொல்வார், மண்ணு என்று மட்டும் சொல்ல மாட்டார்.